மஞ்சள் கடுதாசி கொடுப்பதா, கட்டித் தீர்ப்பதா?

கேள்வி: 2024 மார்ச் 3

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 38,000 ரூபாய். இரண்டு கிரெடிட் கார்டுகளில் 2,80,000, தனிநபர் கடன் பாக்கி 4,00,000, தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு புரோநோட்டு எழுதி வாங்கியது 3,00,000, மனைவி பெயரில் வாரக் குழுக் கடன் 60,000. ஆக மொத்தம் 10,40,000 ரூபாய். புரோநோட்டுடன் கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகள் இரண்டையும் கொடுத்திருக்கிறேன். காலஞ்சென்ற அப்பாவின் வீட்டில் எனக்கும் தங்கைக்கும் பாகம் உண்டு. இன்சால்வென்சி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் மஞ்சள் கடுதாசி என்னும் ஐ.பி. மனு, போட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும், 40,000 ரூபாய் செலவாகும் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். முடிந்துவிடுமா?

மார்ச் 3, இரவு

முடியாது. மனுப் போடுவது ஒன்று. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது இரண்டாவது. கடனிலிருந்து விடுவிப்பது மூன்றாவது. 40,000 ரூபாய் என்பது முதலாவதற்கான செலவு, உங்களிடம் சொல்லப்பட்டிருப்பதோ மூன்றாவதன் பலன்.

சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், திருப்பூர் போன்ற மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். 500 ரூபாய்க் கடன் இருந்து அதைக் கட்ட வழியில்லை என்றாலே அந்த 1920 சட்டப்படி மனுப் போடலாம்; உள்ளே போகும் வாசல் அவ்வளவு அகலம். ஆணை பிறந்ததும் உங்கள் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும், அப்பா வீட்டுப் பாகமும் அதில் அடங்கும், விடுவிப்பு ஆணை வாங்கும் வரை புதிதாக வந்து சேரும் சொத்தும் அவரிடமே போகும். வெளியே வரும் வாசலில் ஒரு கேள்வி நிற்கிறது: ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது உங்கள் சொத்திலிருந்து தேறுகிறதா? தேறாவிட்டால், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று நிரூபித்தாலொழிய முழு விடுவிப்பு கிடையாது. மனுப் போட்டு ஆணை வந்தால் வழக்குகள் எல்லாம் நின்றுவிடும் என்ற ஓர் ஆறுதல் மட்டும் உண்டு.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் மண்டியில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். மற்றவர்கள் கொடுத்த மஞ்சள் கடுதாசிகளைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலிருந்து என் அண்ணன் அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4

காலையில் உங்கள் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 9,800, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,764. தனிநபர் கடன் தவணை 13,600 என்று பிறகு எழுதியிருக்கிறீர்கள். புரோநோட்டுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, 6,000. குழுவுக்கு வாரம் போகிறது மாதக் கணக்கில் 5,000. கூட்டினால் 36,164 ரூபாய். கார்டிலும் புரோநோட்டிலும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், 38,000 சம்பளத்தில் 1,836 ரூபாய் மிச்சம். அரிசி எந்தக் கார்டில் வாங்குகிறீர்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

இனி எதிர்ப்பக்கம். எல்லோரும் வழக்குப் போட்டு எல்லோரும் டிக்ரி என்னும் தீர்ப்பாணை வாங்கி உங்கள் சம்பளத்தை ஜப்தி செய்தால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. அதாவது மாதம் 12,666. அந்தப் பிடித்தமும் 24 மாதம் நடந்தால் அடுத்த 12 மாதம் நிற்க வேண்டும். ஒரே டிக்ரிக்காக 24 மாதம் பிடித்திருந்தால் அந்த டிக்ரிக்கு அத்துடன் சரி. நீதிமன்றம் பலவந்தமாகப் பிடிக்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கை நீங்கள் பயத்தினால் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஐ.பி. போடலாமா என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்ச் 4, மாலை

திருத்தம். முதல் 1,000 ரூபாயைக் கழித்துவிட்டுத்தான் மூன்றில் ஒரு பங்கு கணக்கிட வேண்டும். 12,333. கணக்குப்பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட மறுநாளே இந்தப் பிழை.

மார்ச் 7

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் வந்த பிறகு பழைய சட்டங்கள் போய்விட்டனவே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் போய்விட்டன, நீதிமன்றத்தில் போகவில்லை. அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கான மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும். சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. பழைய சட்டங்களை நீக்கும் பிரிவும் அமலுக்கு வரவில்லை.

ஏழைகளுக்கென்று அதில் புதுத் தொடக்கம் என்று ஒரு வழி எழுதியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது. மாதம் 5,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு யார் 35,000 கடன் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் வாரக் குழுக்கள்தான். அந்த வழியும் தாளில்தான் இருக்கிறது.

மார்ச் 12

என் அண்ணன் கதையை எழுதச் சொல்கிறீர்கள். சுருக்கமாக எழுத வராது.

அண்ணன் 12 விசைத்தறி ஓட்டினார். நூல் கடனுக்கு வாங்கி, துணியைக் கடனுக்குக் கொடுத்து, நடுவில் நூல் விலை ஏறிய ஓர் ஆண்டில் துணி வாங்கியவர் கைவிரித்ததும் இவரும் விரித்தார். 1998இல் மனுப் போட்டார். மனுவோடு கடன்காரர் பட்டியல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவருடைய பட்டியலில் 41 பெயர்கள். முதல் வரியில் அவருடைய மாமனார், இரண்டாவது வரியில் மைத்துனர். இருவருக்கும் சேர்த்து நான்கு லட்சம் தர வேண்டும் என்று இருந்தது. அந்த இருவரும் அவ்வளவு பணத்தை ஒருசேரப் பார்த்தவர்கள் அல்லர். உண்மையான கடன்காரர்களுக்குப் பங்கு குறையட்டும் என்று உறவினர் பெயரில் புரோநோட்டு எழுதி வைப்பது அன்றைக்கு வழக்கமாகவே இருந்தது. மூன்று ஆண்டுப் பழைய தேதி போட்ட நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் புதிதாகப் பளபளக்கும். 36ஆவது வரியில் பால்காரர், 640 ரூபாய். 37ஆவது வரியில் நாங்கள், அதாவது நான் வேலை பார்த்த மண்டி. பதிவுத் தபாலில் வந்த அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கியவனும் நான். முதலாளி அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அன்று மாலைக் காப்பியை மட்டும் என் மேசைக்கு அனுப்பாமல் விட்டார்.

பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று உண்டு. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டவன் நான். கடனாளி நொடித்தாலும், பிறகு முழு விடுவிப்பே பெற்றாலும், ஜாமீன் போட்டவருக்கு விடுதலை இல்லை என்று 1920 சட்டத்தின் 44ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அண்ணனைக் கேட்க முடியாது என்றானதும் சங்கம் என்னிடம் வந்தது. சீட்டைத் தள்ளி எடுத்து 86,000 ரூபாய் கட்டி முடிக்க 2003 ஆயிற்று.

அண்ணன் நிம்மதியாக இருந்தார் என்று நினைக்காதீர்கள். நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். அண்ணனுக்கு அது தெரியாது, வக்கீலும் முதல் கட்டத்தோடு கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். கெடு தாண்டி 2004இல் ஆணை ரத்தாயிற்று. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுதானே, எல்லாம் காலாவதியாகியிருக்கும் என்று அண்ணன் தைரியமாக இருந்தார். ஆணை பிறந்த நாளிலிருந்து ரத்தான நாள் வரை உள்ள காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று 78ஆம் பிரிவு சொல்வதை ஒரு கடன்காரரின் வக்கீல் கண்டுபிடித்தார். ஆறு ஆண்டுகள் நின்றிருந்த கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

உங்கள் கடன்களில் வேறு யாருடைய கையெழுத்தாவது இருக்கிறதா? கேட்க மறந்தேன்.

மார்ச் 13

தங்கை கணவர் ஒரு புரோநோட்டில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் ஐ.பி. போடும் நாளில் அந்த நோட்டுக்காரர் நேரே உங்கள் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுவார். 37ஆவது வரிக்காரனாகவும் ஜாமீன்தாரனாகவும் இருந்தவன் சொல்கிறேன், அந்தத் தீபாவளிக்கு நீங்கள் தங்கை வீட்டுக்குப் போக முடியாது.

மார்ச் 13, சிறிது நேரம் கழித்து

நாமக்கல் நண்பர் ஒருவர், நொடித்தவர் புதிதாகக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார். விடுவிப்புப் பெறாதவர், தாம் அப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. 1920இல் 50 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு நான்கு தேநீரும் இரண்டு வடையும் கணக்கில் எழுதச் சொன்னால் எல்லையைத் தாண்டிவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. டிக்ரிக்காகக் கடனாளியைச் சிவில் சிறைக்கு அனுப்பினால் அவருடைய சாப்பாட்டுச் செலவுக்கான படியைக் கடன் கொடுத்தவர்தான் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். வராத பணத்துக்காக மேலும் பணம் போட்டுச் சோறு போடுவதா என்று பல முதலாளிகள் வாரண்டு கையில் இருந்தும் நிறைவேற்றாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். பெண்களைப் பணத்துக்கான டிக்ரியில் கைது செய்யவே முடியாது. குழுக் கடனுக்காக மனைவியைப் பிடித்துப்போவோம் என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

மார்ச் 21

மார்ச் 3 இரவு நான் எழுதியதில் ஒரு வரி ஆபத்தான தவறு. வழக்குகள் எல்லாம் நின்றுவிடும் என்று எழுதினேன். பணத்துக்கான சிவில் வழக்குகளும் ஜப்தியும்தான் அந்தக் கணக்கில் வரும். காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அது மாஜிஸ்திரேட் முன் தன் வழியில் நடக்கும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம். பணம் இல்லை என்று வங்கி திருப்பியனுப்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விட வேண்டும், நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் வழக்கில்லை.

ஆகவே உங்கள் 10,40,000 ரூபாயில் உங்களைக் கூண்டில் ஏற்றக்கூடியது அந்த இரண்டு காசோலைகள் மட்டுமே. நீங்களோ தினமும் காலையில் கார்டுக்காரர் போனுக்குத்தான் நடுங்குகிறீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனுக்காகப் போன் செய்யக் கூடாது. செய்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள், பேரம் பேசும்போது உதவும்.

ஏப்ரல் 2

ஒரு மாதம் கழித்து இதைச் சொல்கிறீர்கள்: போன ஆகஸ்டில் அப்பா வீட்டுப் பாகத்தை மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டீர்கள். யாரோ சொன்ன யோசனை என்கிறீர்கள். அந்த யோசனையைச் சொல்ல ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள்.

பத்திரம் எழுதி இரண்டு ஆண்டுக்குள் ஐ.பி. மனுப் போட்டு நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், விலையில்லாமல் கைமாறிய அந்தச் சொத்தை ரிசீவர் கேட்டுத் திரும்ப வாங்கலாம். கடன்காரர்களுக்குத் தெரியாமல் ஒளித்தார் என்ற பெயர் விடுவிப்பு மனுவிலும் கூடவே வரும். இரண்டு ஆண்டு காத்திருந்து பிறகு போடலாமா என்று கேட்காதீர்கள். கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படியும் தாக்கலாம். வக்கீலிடம் இந்தப் பத்திரத்தைக் காட்டினீர்களா?

ஏப்ரல் 19

காட்டவில்லை என்று தெரிந்தது. அது கிடக்கட்டும். இன்று வேறொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது அண்ணன் மேல் இருந்த கோபத்தில் பாதி எழுதியிருக்கிறேன் என்று பட்டது.

ஐ.பி. யாருக்கும் ஆகாது என்று நான் சொன்னால் அது பொய். எங்கள் தெருவில் சாயப்பட்டறையில் ஒப்பந்த வேலை எடுத்த ஒருவர் இருந்தார். பட்டறை மூடியது. 14 பேருக்குக் கடன். நிலமில்லை, வீடு வாடகை, நகை ஏற்கெனவே போய்விட்டது, யாரும் அவருக்கு ஜாமீன் போடவில்லை. மூன்று டிக்ரிகளில் கைது மனு. அவர் மனுப் போட்டு, கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை வாங்கி, ரிசீவர் கூப்பிட்ட நாளெல்லாம் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றார். கெடுவுக்குள் விடுவிப்பு மனுவும் போட்டார். வேலை போனதற்குத் தாம் பொறுப்பல்ல என்று காட்ட மின் இணைப்புத் துண்டிப்பு நோட்டீஸைக்கூட எடுத்துப்போய்க் கொடுத்தார். நிபந்தனையோடு விடுவிப்புக் கிடைத்தது. சட்டம் இவருக்காகத்தான் எழுதப்பட்டது. உடைகள், சமையல் பாத்திரங்கள், தொழில் கருவிகள், வருங்கால வைப்புநிதி ஆகியவற்றை ரிசீவர் தொட முடியாது. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான்.

கட்ட வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது, வசதி இருந்தும் கட்ட மறுக்கும் நேர்மையின்மை தெரிந்தால்தான் அனுப்பலாம் என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கைது பயத்துக்காக ஐ.பி. போடும் தேவையும் முன்பைவிடக் குறைவு. என்றாலும் அந்தச் சாயப்பட்டறைக்காரரிடம் போய் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போலீஸ் அல்ல, நீதிமன்றச் சிப்பந்தியான அமீனா வந்து நின்றாலே தெருவில் முகம் காட்ட முடியாது.

உங்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு என்றால், உங்களிடம் மாதா மாதம் சம்பளம் இருக்கிறது, இழக்க ஒரு பாகம் இருக்கிறது, மாட்டிக்கொள்ள ஒரு மைத்துனர் இருக்கிறார்.

ஏப்ரல் 20

கந்து வட்டிக்காரரிடம் வாங்கியவர்களுக்கு: அது வேறு கணக்கு. 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கந்து, மீட்டர், தண்டல் வட்டிகள் குற்றம்; காவல் நிலையத்துக்குப் போங்கள். 

ஜூன் 9

கேட்டவர் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று ஒரு வரிசை போட்டு அனுப்பியிருக்கிறார். முதலில் புரோநோட்டும் காசோலைகளும். மனைவியின் நகையில் 8 பவுனை வங்கியில் வைத்து 3,00,000 வாங்கி நோட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவது. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாதம் 2,500, இப்போது போவது 6,000. அவர் இதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதுபோல் எழுதியிருந்தார். நகை உங்களுடையது அல்ல, உரியவரைக் கேட்டீர்களா என்று கேட்டேன். நான்கு நாள் பதில் இல்லை. பிறகு, கேட்டேன், சம்மதித்தார், ஆனால் செட்டில்மெண்ட் பத்திரம் தம் பெயரில் இருப்பது இன்றுதான் தெரியும் என்றார் என்று எழுதினார். அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

இரண்டாவது குழுக் கடன். நாம் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்ட வேண்டியிருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடைசியில் கார்டும் தனிநபர் கடனும். கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை கட்டுவதை அவர் நிறுத்திவிட்டார். நான் சொல்லி நிறுத்தவில்லை, ஆனால் நிறுத்தியது தவறு என்றும் சொல்ல மாட்டேன். தனிநபர் கடனுக்கு வங்கி தவணைக் காலத்தை நீட்டித்து 9,500 ஆக்கிக் கொடுத்தது; கிளைக்கு மூன்று முறை நேரில் போக வேண்டியிருந்தது. கார்டில் தள்ளுபடி பேசும்போது ஒரே விதி: தொகையும் தேதியும் எழுதிய கடிதம் வங்கியின் பெயரிட்ட தாளில் வராமல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. போனில் தருவதாகச் சொன்ன தள்ளுபடி போனோடு போய்விடும். நாங்கள் பேசி முடித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களையும் நம்பாதீர்கள், நீங்களே பேசுவதற்கு மேல் அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

செப்டம்பர் 16

சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு கார்டும் சேர்த்து 1,45,000 ரூபாய்க்கு முடிந்திருக்கிறது. அன்றே 45,000, தீபாவளி போனஸில் 50,000, ஜனவரியில் 50,000. மக்கள் நீதிமன்றத் தீர்வு சிவில் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. வங்கியும் பிறகு மாற்றிப் பேச முடியாது, நீங்களும் தவணை தவற முடியாது. சிபில் அறிக்கையில் இந்தக் கணக்குகள் முடிக்கப்பட்டவை என்று வராது, செட்டில் செய்யப்பட்டவை என்றுதான் வரும், அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தச் சொல் உறுத்தும். ஐ.பி. போட்டிருந்தால் வீட்டுக்கடன் என்ற பேச்சே இல்லை என்று ஆறுதல் சொல்லலாம், ஆனால் அது அவருக்கு ஆறுதலாக இருக்காது.

பால்காரர் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: 2009இல் அண்ணன் 640 ரூபாயோடு வட்டி சேர்த்து 1,500 கொண்டுபோனார். அவர் 640ஐ எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். மாமனாருக்கும் மைத்துனருக்கும் தர வேண்டிய நான்கு லட்சத்தை யாரும் கேட்கவில்லை.

2025 பிப்ரவரி 2

கார்டின் கடைசித் தவணை கட்டி, பாக்கியில்லை என்ற கடிதமும் வந்துவிட்டது. இப்போது புதுச் சிக்கல்: நோட்டுக்காரர் புரோநோட்டுகளையும் ஒரு காசோலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு காசோலை எங்கோ போய்விட்டது, பரவாயில்லை, கிழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாராம்.

வைத்துக்கொள்ளக் கூடாது. முழுத் தொகையும் வரவாயிற்று, இந்த எண்ணுள்ள காசோலை தொலைந்துவிட்டது, இனி அது செல்லாது என்று அவர் கையெழுத்தில் ஒரு ரசீது வாங்குங்கள். அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, எழுதிய கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். ரசீதில் காசோலை எண் இருக்க வேண்டும். எண் எழுதாமல் கொடுத்தால் திரும்பப் போய் எழுதி வாங்குங்கள்.